என்னோடு சண்டை போட ஆளில்லை

யாராவது என்னைத் திட்டமாட்டார்களா என்று நான் ஏங்கிக் கிடந்த காலம் ஒன்று உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் இல்லை.

நீலகிரி மலையிலிருந்து பைக்காரா கரண்ட் வந்து, கோயமுத்தூரில் புதுப்புது மில்லுகள் சங்கு ஊத ஆரம்பித்திருந்த சமயம். எனக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. ஒரு நாள் காலையில் ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். குழவி நின்றுவிட்டது. கல்லுக்கு என்ன கேடு என்று பார்த்தால், நின்றுபோனது என் வலது கை. எழப் பார்த்தேன், காலும் வரவில்லை. கூப்பிடப் பார்த்தேன், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பக்கவாதம் என்றார்கள்.

டவுனிலிருந்து வந்த டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குக் கோபம் வரவே கூடாது, யாரும் எதிர்த்துப் பேசக்கூடாது, இன்னொரு தரம் ரத்தம் தலைக்கேறினால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னார். அத்தோடு என் பிழைப்பில் மண் விழுந்தது.

நான் வாயாடி. அது ஊரறிந்த சங்கதி. என் வீட்டுக்காரர் வாசலில் இருந்து தண்ணீர் கொண்டா என்று அதட்டுவார். செம்புக்குக் கால் முளைத்தால் வரும் என்று உள்ளேயிருந்து நான் கத்துவேன். தண்ணீரும் போகும், சத்தமும் போகும். அவருடைய தங்கையோ என்னைவிட ஒரு படி மேல். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வரும்போதெல்லாம் என் கொள்ளுப் பருப்பில் உப்பு அதிகம் என்று ஆரம்பிப்பாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொல்வாள்! அப்புறம் பொழுது சாயும்வரை எங்கள் கச்சேரிதான்.

நான் படுத்தபின் எல்லாம் அடங்கிப்போயிற்று. அவர் தாமே போய்த் தண்ணீர் மொண்டு குடித்தார். நான் எதைச் சொன்னாலும் "செரி கண்ணு" என்றார். ஒரு நாள் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போது, மழை வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாங் கண்ணு" என்றார். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும்போல் இருந்தது. என் பேச்சு அப்போது ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். பாதி வருவதற்குள் மீதியை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள். சமையலுக்கு வந்திருந்த என் அத்தை எனக்குக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டினாள். என்னைப் பார்க்க வந்த நாத்தனார் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்னைப்போல் ஒரு மகராசி உண்டா என்றாள். செத்தவளைப் பற்றித்தான் இப்படிப் பேசுவார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வீடு நிறைய ஆட்கள், ஆனால் என்னோடு பேச ஒருவரும் இல்லை.

அடுத்த பொங்கல் நோம்பிக்குள் சுவரைப் பிடித்து நடக்கத் தேறியிருந்தேன். எங்கள் வீட்டில், நோம்பிக்கு வரும் கூடப் பிறந்தவளுக்கு அண்ணன் பெண்டாட்டிதான் தன் கையால் பரிமாற வேண்டும். ஆனால் என் சோத்தாங்கை போய்விட்டதே. பீச்சாங்கையால் ஒருவர் இலையில் போட்டால் அவமானப்படுத்தியதாக ஆகும். அத்தையே பரிமாறட்டும் என்று, என்னைக் கேட்காமலே முடிவாகியிருந்தது. அன்று காலையில் அத்தை அந்தப் பக்கம் போன நேரம், கொள்ளுப் பருப்பில் உப்பை மட்டும் நான் போட்டேன். இடது கைக்கு அளவு தெரியவில்லை.

அண்ணனும் தங்கையும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். நான் காலை இழுத்துக்கொண்டு போய், அத்தை கீழே வைத்திருந்த பருப்புச் சட்டியிலிருந்து இடது கையால் ஒரு கரண்டி மொண்டேன். அத்தை பதறினாள். பிறந்தவளுக்குப் பீச்சாங்கையா என்றாள். அவர், "நீ உக்காரு கண்ணு" என்றார். பழகாத கையில் கரண்டி சாய்ந்து பருப்பு தரையில் சொட்டியது. நாத்தனார் மட்டும் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் நான் இனி இந்த வீட்டில் விருந்தாளிதான் என்று தெரிந்தது. வாய்விட்டுக் கேட்கவும் வாய் வரவில்லை.

அவள் இலையை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஊத்துங்க நங்கை. எலையப் போட்டு எத்தன நேரம் உக்கோந்திருக்கறது?"

ஊற்றினேன். பிசைந்து ஒரு வாய் வைத்தாள். முகம் சுருங்கியது.

"உப்புக் கரிக்குதுங்க. வாயில வெக்க முடியில."

டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று அவர் தங்கையின் மேல் பாய்ந்தார். "டாக்டரா வந்து இதத் திங்கறாரு?" என்றாள் அவள். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். காத்திருந்தாள். எனக்காக ஏதோ சொல்ல வந்த அத்தையையும் மறு கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கரிச்சா... எலைய... மடிச்சுப்போட்டு... எந்திரி."

கடைசிச் சொல் வரும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. அவள் இன்னொரு கரண்டி கேட்டாள்.

அவர் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் இலையைத் தட்டினார். "இங்க ஒருத்தன் உக்கோந்திருக்கறது கண்ணுக்குத் தெரியிலயா? ஊத்து" என்று அதட்டினார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! எனக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கலாம் என்றால், இருந்த ஒரு கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க மனசில்லை. அழுதுகொண்டே அவருக்கும் ஊற்றினேன்.