கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலே என்ன எழுதியிருந்தது?

செல்போன் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் உட்காருகிறவளுக்கு, தான் செய்யாத போனுக்கும் தான் எழுதாத விதிக்கும் பதில் சொல்வதுதான் வேலை. அரியலூரில் எட்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்துக்கும் எங்கள் கம்பெனிக்கு அது ஒன்றுதான் சென்டர். போன் ரிப்பேரான கோபத்தோடு ரெண்டு பஸ் மாறி வந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அப்போது சிரிக்காமல் இருந்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சிவந்த ஸ்டிக்கர்

போனுக்குள் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். சிவந்தால் வாரண்டி கிடையாது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், போன் மேல் ஒரு சொட்டுத் தண்ணி பட்டதில்லை என்று சாதித்தார். அவர் எதிரிலேயே கழற்றினோம். ஸ்டிக்கர் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. பேட்டரிக்கு அடியில் காய்ந்த சேறு, ஒரு நெல் உமி.

"நாத்து நடுறப்ப விழுந்துச்சுங்களா?" என்று கேட்டேன். உமியை நகத்தால் கிள்ளி எடுத்தார். பிறகு, "வயல்ல கொண்டு போகாதன்னு பொட்டியில எழுதலியே. அப்பறம் வயக்காட்டுக்காரன்கிட்ட எதுக்கும்மா வித்தீங்க?" என்றார்.

பொடி எழுத்து

செட்டிகுளத்து சயின்ஸ் டீச்சர் ஒருவரின் போன் பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. வேறு சார்ஜர் போட்டதால்தான் என்று கம்பெனி கைவிரித்தது. அவர் பெரம்பலூர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போய்விட்டார். வக்கீல் வைக்கவில்லை, தானே வாதாடினார். எங்கள் பக்கம் ஒரு வக்கீலும், போனின் கோளாறைப் பதிந்து ஜாப் ஷீட் எழுதியவள் என்பதால் நானும்.

விதிமுறைத் தாளை என்னிடம் நீட்டி, சார்ஜர் பற்றிய வரியை வாசிக்கச் சொன்னார் கோர்ட்டுத் தலைவர். எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்து. ஜன்னல் பக்கம் போய்ப் பிடித்துப் பார்த்தேன். தலைவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டும் ஒன்றும் தெரியவில்லை. டீச்சருக்குப் புதுப் போன் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பானது. வெளியே டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொன்னார் டீச்சர். எனக்கு முகம் கொடுக்கவே கூச்சமாக இருந்தது. "உன் மேல கோவம் இல்லம்மா. அத அச்சடிச்சவன்தான் வந்து நின்னிருக்கணும். அவன் உன்ன அனுப்பிட்டான்" என்றார்.

நான் கேட்காத கேள்வி

இது சிரிக்கிற விஷயம் இல்லை. மீன்சுருட்டியிலிருந்து மலர்க்கொடி அக்கா போன் கொண்டு வந்திருந்தார். அடிக்கடி நின்றுபோகிறது என்றார். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து சாஃப்ட்வேர் புதிதாக ஏற்ற வேண்டும். போட்டோவெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வைத்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் தாளில் டிக் போட வேண்டும். அன்றைக்குக் கூட்டம். கேட்காமலே டிக் போட்டு, கையெழுத்து வாங்கிவிட்டேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. அதற்கு முந்தின வருஷம் இறந்துபோன அவர் வீட்டுக்காரரின் குரல் அதில் மட்டும்தான் இருந்ததாம். அக்கா அழவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவர் தம்பி வந்து கேஸ் போடுவேன் என்று சத்தம் போட்டார். மேனேஜர் அந்தக் கையெழுத்தைக் காட்டினார். "சட்டப்படி நம்ம மேல ஒண்ணும் இல்ல. நீ வாயத் தொறக்காத" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மீன்சுருட்டிக்குப் போய், "நான் உங்ககிட்ட கேக்கவே இல்லக்கா, தப்பு என்னுது" என்று சொல்லிவிட்டேன். தம்பி எழுந்து நின்றார். அக்கா அவரைக் கையமர்த்தினார்.

தம்பியின் போனில், அக்கா வீட்டுக்காரர் அவருக்கு அனுப்பிய பழைய மெசேஜ் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். ஒரு மணி நேரம் தேடினோம். மூன்று குரல் பதிவு கிடைத்தது. ஒன்றில், "மாப்ள, மோட்டாரு போட்டுட்டேன், கரண்டு போனா சொல்லு" என்றது அந்தக் குரல். அக்கா அதையே நாலு தடவை போடச் சொன்னார். நான் கிளம்பியபோது வாசலில் மறித்து, "சாப்ட்டுட்டுப் போ. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத" என்றார்.

ஒன்றை அழுத்தவும்

இப்போது அந்த சென்டர் இல்லை. போனைக் கூரியரில் அனுப்ப வேண்டும். போன மாதம் என் போனே கெட்டுப்போய், வீட்டுக்காரர் போனிலிருந்து புகார் சொல்லப் பார்த்தேன். ஒன்றை அழுத்தினேன், நாலை அழுத்தினேன். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்றது ஒரு மெஷின், அழகான தமிழில். எட்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தபோது இவ்வளவு அழகாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. கேஸ் போடப்போகிறேன் என்று கத்தினேன். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, "போடு. நோட்டீஸ்ல யாரு பேர எழுதுவ?" என்றார்.

எட்டு வருஷம் திட்டு வாங்கியதில் நான் படித்த சட்டம் இவ்வளவுதான்: திட்டுவதற்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால், பாதி வழக்கு கவுன்டரிலேயே முடிந்துவிடும்.