பேச்சிழந்தவர் அல்லர் ஞானராஜ்

ஞானராஜண்ணன் போய்விட்ட செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அவருடைய படத்தின் கீழே அவர் சபையின் அறிவிப்பு: 'நோயினால் பேச்சிழந்து, நெடுநாள் துன்புற்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' அவர் இனி இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. 'பேச்சிழந்து' என்ற சொல்லை இந்த நிமிடம்வரை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்கவும் மாட்டேன். இதை எழுத அதுவே காரணம்.

ஆரணி பேருந்து நிலையத்தில் நின்றிருக்கிற எவருக்கும் அவர் குரல் தெரியும். டைம் கீப்பராக இருபது வருடங்களுக்கு மேல் மைக்கின் முன் உட்கார்ந்திருந்தவர். வண்டிகளை அறிவிக்கும்போது செந்தமிழ். ஆட்களைத் திட்டும்போது ஊர்த்தமிழ். "களம்பூர் வண்டில ஏறி குந்திகினு வெம்பாக்கம் போவுமான்னு கேக்கறீங்களேம்மா, எறங்குங்க ஜல்தி" என்று ஒலிபெருக்கியிலேயே சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே குரல் தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கும். நான் வேலூர் வண்டியில் கண்டக்டராக இருந்து, முழங்கால் கெட்டுப்போனதால் டைம் ஆபீசுக்கு மாற்றப்பட்டவன். என் பெயர் கரீம். எனக்கு நாற்காலி போட்ட இடம் அவர் பக்கத்தில். அங்கே பதினோரு வருடம் சண்டை போட்டோம். சண்டை முழுக்க வானவர்களைப் பற்றி. அவர் சொல்லில் தேவதூதர்கள், என் சொல்லில் மலக்குகள்.

முதல் சண்டை சாப்பாட்டு நேரத்தில் வந்தது. ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்த தேவதூதர்கள் அவர் சமைத்து வைத்த கன்றின் இறைச்சியைச் சாப்பிட்டார்கள் என்று அவர் சொன்னார். எங்கள் வேதத்தில் அதே விருந்தாளிகள் இப்ராஹீம் நபி வைத்த உணவின் பக்கம் கையையே நீட்டவில்லை, அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பயம் வந்தது என்றேன் நான். அண்ணன் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா பாய், கண்ணுக்குட்டிய அடிச்சி சமைச்சி வெச்சா தொடாம எழுந்துட்டாங்களா? சமைச்சவங்க மனசு இன்னா பாடு படும்?"

"மலக்குகள் சாப்பிட மாட்டாங்கண்ணா."

"எங்க ஆளுங்க சாப்ட்டாங்களே!"

பக்கத்திலிருந்த கண்டக்டர் ஒருவர் சமாதானம் செய்ய வந்தார். "எல்லாம் ஒண்ணுதான் சார், எதுக்கு வம்பு?" அண்ணனுக்குக் கோபம் வந்தது அப்போதுதான். "ஒண்ணு இல்லப்பா. ஒண்ணுன்னு சொல்லிட்டா இவர் வேதத்த நான் படிக்க வேணாம், என்னுத இவர் படிக்க வேணாம். பேச்சு முடிஞ்சிபூடும். வேற வேறன்னு சொல்லு. அப்பதான் குந்திகினு பேச முடியும்."

இன்னொரு நாள், ஹிரா குகையில் நபிகள் நாயகத்திடம் ஜிப்ரீல், அவர்கள் காபிரியேல் என்று சொல்பவர், முதன்முதலாக வந்ததைக் கேட்டார். வானவர் அவரைக் கட்டிப் பிடித்து மூச்சுத் திணற இறுக்கினார், ஓதச் சொன்னார், விட்டார், மறுபடி இறுக்கினார் என்று சொன்னேன். அண்ணன் குறுக்கே கேட்டார். "மரியாள்கிட்ட வரும்போது வாழ்த்து சொல்லிகினு வராரு. குகைக்குள்ள வந்து இந்த இறுக்கு இறுக்கறாரு. ரெண்டும் ஒரே காபிரியேலா?" அவர்தான் என்றேன். பிறகு நாயகம் நடுங்கியபடி வீட்டுக்கு வந்ததையும், போர்த்தச் சொன்னதையும், மனைவி கதீஜா அம்மையார் அவரைத் தேற்றி முதலில் நம்பியதையும் சொன்னேன்.

"மொதல்ல நம்புனது அந்தம்மா. உங்க மேடையில என்னிக்காவது ஒரு அம்மாவ ஏத்திப் பேச வெச்சிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே வாயைத் திறந்தேன். "உங்க சபையில மட்டும் ஏத்துறாங்களா?"

"இல்ல. கேட்டுகினேதான் இருக்கேன். நீ உங்க ஆளுங்கள கேளு."

கேட்டேன். நான் தொழுகிற பள்ளிவாசலில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பிடிக்காமைக்கு இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவர் சபையில் நடந்தது அதைவிடப் பெரிது. ஒரு கிறிஸ்துமஸ் கூட்டத்தில், இரண்டு வேதங்களிலும் தீர்க்கதரிசிகளிடம் தேவதூதர்கள் வந்த விதத்தை ஒப்பிட்டுப் பேசினார். என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் சபைக் கமிட்டியில் இருந்த ஒரு பெரியவர், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார் என்று குற்றம் சாட்டினார். சில மாதங்களில் அண்ணனுக்குத் தொண்டை கட்டியது. கட்டியது விடவேயில்லை. வேலூரில் சோதித்துப் புற்று என்றார்கள். அறுவை சிகிச்சையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அவர் வீடு திரும்பிய வாரம் அந்தப் பெரியவர் ஜெபிக்க வந்தார். நானும் இருந்தேன். அண்ணனின் மனைவி ஜெயா அக்கா காபி கொண்டுவந்து நின்றார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, "சகரியாவைப்போல் அவிசுவாசத்தினால் நாவு கட்டப்பட்ட எங்கள் சகோதரனுக்கு மனந்திரும்புதலைத் தாரும்" என்று ஜெபித்தார்.

சகரியா ஒரு வயதான ஆசாரியர். உனக்குப் பிள்ளை பிறக்கும் என்று காபிரியேல் வந்து சொன்னபோது நம்பாமல் கேள்வி கேட்டார். அதனால் பிள்ளை பிறக்கும்வரை ஊமையானார். இது கிறிஸ்தவ வேதம் சொல்வது. குரல்வளை போன மனிதரின் கட்டிலருகே உட்கார்ந்து அதைச் சொன்னார் அந்தப் பெரியவர். ஜெயா அக்கா காபி டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தார்.

அண்ணன் நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார். "பாய், உங்க வேதத்துல சகரியாவுக்கு இன்னா ஆச்சி? இவர் எதிர்லயே சொல்லு." நான் தயங்கினேன். பேனாவால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். சொன்னேன். எங்கள் வேதத்தில் ஜகரிய்யா நபி தானே ஓர் அடையாளம் கேட்கிறார். உடம்பில் ஒரு குறையும் இல்லாமலே மூன்று நாள் மக்களோடு பேச முடியாமல் இருப்பதுதான் உமக்கு அடையாளம் என்று பதில் வருகிறது. அந்த மௌனம் தண்டனை இல்லை. சாடை காட்டியே அவர் மக்களிடம் இறைவனைத் துதிக்கச் சொல்கிறார்.

பெரியவர் காபியைத் தொடாமல் எழுந்து போனார். அண்ணன் எழுதினார்: "பாத்தியா, ஒண்ணு இல்ல. ஒண்ணா இருந்திருந்தா இன்னிக்கி நான் எங்க போயி நின்னிருப்பேன்?" அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி: "என் வேதத்த நான் உட்டுக்குடுக்கல. சகரியாவுக்குச் சொன்னது சகரியாவுக்கு. என் தொண்டைல வந்தது கட்டி."

அதன்பின் தொண்டையில் அழுத்திப் பேசும் சிறு கருவி ஒன்றை வாங்கினார். வண்டு ரீங்காரமிடுவதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். ஆபீசில் எழுத்து வேலை மட்டும் பாருங்கள் என்றார்கள். அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் நாள் அந்தக் குரலில் கண்ணமங்கலம் வண்டியை அறிவித்தபோது நிலையமே அண்ணாந்து பார்த்தது. ஒரு வாரம் கழித்து யாரும் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்து ஓடினார்கள். அவருக்கு வேண்டியது அதுதான்.

தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்போர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு ஒன்றில் சகரியாவின் பகுதி வரும் என்று தெரிந்ததும் போதகரிடம் போய் நின்றார். போதகர் இளையவர், பயந்த சுபாவம். ஆனாலும் தலையாட்டினார். அன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கருவியின் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஊமையாவாய் என்று தூதன் சொல்கிற வசனம் வந்தது. நிறுத்தினார். கருவியைக் கழுத்தின் மறுபக்கம் மாற்றி வைத்து, அதே வசனத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பிள்ளைகள் சிரிப்பதை எப்போதோ விட்டிருந்தார்கள். பாடகர் குழுவிலிருந்து ஒரு பெண் உரக்க "ஆமென்" என்றாள்.

வெளியே படிக்கட்டில் பெரியவர் வழிமறித்தார். "இவ்ளோ பிடிவாதம் எதுக்கு?"

அண்ணன் கருவியைத் தொண்டையில் வைத்தார். "வாசிக்கத் தெரியும். வாசிச்சேன்."

சபையாரே, இந்த மனிதரைத்தான் பேச்சிழந்தவர் என்று அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள்.

நோய் திரும்பி வந்தபோது அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக நான் போன மாலையில், சாகிறவனிடம் வருகிற வானவர் உங்கள் வேதத்தில் என்ன செய்வார் என்று எழுதிக் கேட்டார். நல்லவர்களிடம் ஸலாம் சொல்வார்கள் என்றேன். அவர் வேதத்தில் ஓர் ஏழையைத் தூதர்கள் ஆபிரகாமின் மடிக்குத் தூக்கிப் போகிறார்கள். "எங்க ஆளு தூக்கட்டும், உங்க ஆளு ஸலாம் சொல்லட்டும்" என்று எழுதிச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது.

கல்லறைத் தோட்டத்தில் ஜெயா அக்கா என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நேரமில்லை, சபையார் மட்டும் பேசினால் போதும் என்று பெரியவர் குறுக்கிட்டார். "அவர் பேசட்டுங்க. எங்க வீட்டுக்காரர் இருந்தா உங்கள கேட்டுகினு நின்னிருக்க மாட்டாரு" என்றார் அக்கா. நான் குழிக்கருகே போய், எல்லோருக்கும் கேட்கும்படி அண்ணனுக்கு ஸலாம் சொன்னேன். வேறொன்றும் பேசவில்லை.

சபையின் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி, சகரியா விஷயத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். விட முடியாது. அதனால் அவரை அறிந்த சபையாராகிய உங்களுக்கு இப்படி நேராகவே எழுதுகிறேன்.

அவர் நோட்டை ஜெயா அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் கமிட்டிக்கு எழுதி, பதில் வராத கடிதத்தின் நகல் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி: "சகரியாவும் எப்படி என்று கேட்டார், மரியாளும் எப்படி என்று கேட்டாள். அவளுக்குப் பதில் கிடைத்தது, அவருக்கு வாய் அடைத்தது. ஏன்?" எங்கள் வேதத்தில் இருவரும் கேட்கிறார்கள், இருவருக்கும் பதில் வருகிறது. அதனால் இது என் கேள்வியாக முளைத்ததில்லை. இப்போது என்னுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து நீங்கள் வெளியே வரும்போது படிக்கட்டில் நின்றிருப்பேன். கேட்பேன்.