புறமுதுகு காட்டும் உத்தியோகம்

போர்க்களத்தில் புறமுதுகு காட்டினால் கேவலம். எங்கள் உத்தியோகத்தில் காட்டாவிட்டால்தான் கேவலம். போச்சியா என்று ஒரு விளையாட்டு. வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் யார் தங்கள் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களோ, அவர்களுக்குப் புள்ளி. கையால் எறிய முடியாதவர்கள் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு சறுக்குத் தடத்தில் பந்தை உருட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் ரேம்ப். ஆட்டக்காரர் சொல்லச் சொல்ல அதை நகர்த்திப் பிடிப்பது என் வேலை. சுற்று முடியும்வரை நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். வாயும் திறக்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் எதிராளிக்குக் கூடுதலாக ஒரு பந்து! கல்யாணத்துக்குப் போய், பந்தியில் சாம்பார் வாளியோடு அலைந்து, தாலி கட்டுவதைக் கோட்டைவிட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

முகத்தில் ஓடும் ஸ்கோர்

என் ஆட்டக்காரி பிரியா, புனே பக்கம் ஆகுர்டியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பாவுக்கு ஆட்டோ தொழிற்சாலையில் வேலை. பிசியோதெரபி சென்டரில் உதவியாளராக இருந்த என்னை, "இந்த அக்கா எதிர்த்துப் பேச மாட்டாங்க" என்று சொல்லி இழுத்து வந்தவள் அவள்தான். இந்த முறை சர்வதேசப் போட்டி நம் புனேயிலேயே நடந்தது. அதிலும் பதக்கம் இல்லையென்றால் இந்திய அணியில் தன் இடம் போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முதுகில் நாட்டின் பெயர் எழுதிய சட்டையைப் போட்டதுமே கண்ணாடி முன் நின்று முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஆட்டம். "தோடா லெஃப்ட்... அஜூன் தோடா... பஸ்" என்றாள். ஆட்டம் என்று வந்துவிட்டால் அவளுக்கு மராத்திதான்: கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம், போதும். பந்து கடகடவென்று இறங்கிப் போனது. போன பந்து என்ன ஆயிற்று? எனக்கிருந்த ஒரே ஸ்கோர்போர்டு அவள் முகம்தான். மூக்கு விடைத்தால் நல்ல அடி, உதட்டைக் கடித்தால் சொதப்பல் என்று கணக்கு வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்று முடிந்து திரும்பினால், மூன்று புள்ளி நமக்கு! வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினாள்: "அக்கா, நீங்க என் மூஞ்சிய பாத்துப் பாத்து அழுதா எனக்கு சிரிப்பு வருது. சிரிச்சா குறி தப்பும், அதான் உதட்ட கடிச்சேன்!"

நேரடி ஒளிபரப்பு

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. தனிநபர் ஆட்டத்தில் அடுத்த சுற்றிலேயே தோற்றோம். அணியில் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். மிச்சம் இருந்தது இரட்டையர் ஆட்டம். பிரியாவுக்கு ஜோடி போபால்காரர் ஜாவேத்; அவருக்கு ரேம்ப் பிடிக்க அவர் தம்பி. அதில் ஜெயித்து அரையிறுதிக்கே போய்விட்டோம். என்ன வேகம், என்ன ஆட்டம்! அரங்கம் அதிர்ந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் என் வீடு இருக்கும் கோர்படிக்கு வந்ததும், ரயில்வே காலனியில் எங்கள் பக்கத்து வீட்டு சுலோச்சனா அக்காவிடம் ஓடினேன். காலனியே அவர் மொபைலில்தான் ஆட்டம் பார்த்திருந்தது. "அக்கா, எதிராளியோட நீலப் பந்தை பிரியா எப்படித் தள்ளிவிட்டா? நடந்தது நடந்தபடி சொல்லுங்க" என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பந்து எங்கடி தெரிஞ்சுது? படம் பூரா உன் முதுகுதான். கொண்டையில பாதி நரை. நாளைக்காச்சும் டை அடிச்சிட்டுப் போ, நாட்டு மானம் போவுது!"

எதிர் அணிக்காரர்

அரையிறுதியில் எதிர் அணிக்கு ரேம்ப் பிடித்தவர் ஒரு தாடிக்காரர். தன் மகளுக்காகவே இந்த வேலையைக் கற்றுக்கொண்டவராம். இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால், ஓரக்கண்ணில் எனக்கு அவர் தெரிந்தார், அவருக்கு நான். திடீரென்று அரங்கம் ஆர்ப்பரித்தது. யாருக்கு? அவர் புருவத்தைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

ஒரே ஒரு புள்ளியில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். டீ கவுன்டரில் ஒரு வடாபாவை வெறித்துக்கொண்டு நின்றேன். ஜெயித்த அந்த மனிதர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று பார்த்தால், ரொம்ப ஆவலாக என்னிடம் கேட்டார்: "மேடம், ப்ளீஸ் டெல் மீ... குட் மேட்ச்?"

கடைசிப் பந்து

மறுநாள் வெண்கலத்துக்கான ஆட்டம். ஆகுர்டியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். புள்ளிகள் சமம். கூடுதல் சுற்று. அதிலும் கடைசிப் பந்து பிரியாவுடையது. "ஜரா வர்... அஜூன் வர்..." என்றாள். உயர்த்தினேன். "பஸ்." பந்து போய்விட்டது.

அரங்கத்தில் "ஊ..." என்று ஒரு பாதிச் சத்தம். அப்புறம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை. நடுவர் அளக்கப் போயிருக்க வேண்டும். என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பிரியா மூக்கும் விடைக்கவில்லை, உதட்டையும் கடிக்கவில்லை. கண் மட்டும் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கை எழாது. அழுகையா, ஆனந்தமா? கடவுளே, யாராவது சொல்லித் தொலையுங்களேன்!

கூரை பிய்த்துக்கொண்டு போவது போல் ஒரு சத்தம். சுற்று முடிந்தது என்று நடுவர் அறிவித்தார். இப்போது நான் தாராளமாகத் திரும்பலாம். ஆனால் அந்தக் கண்ணைத் துடைக்காமல் எப்படித் திரும்புவது? துடைக்கத் துடைக்க அவள் கத்தினாள்: "ஐயோ அக்கா, வெண்கலம்! என்னைய விடுங்க, இப்பவாச்சும் திரும்பிப் பாருங்க, நம்ம பந்து ஒரு நூல் கிட்ட நிக்குது!"

நான் திரும்புவதற்குள் பந்துகளைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டார்கள் என்பதால், ஆட்டத்தையே பார்க்காமல் அதற்குப் பதக்கமும் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டவள் இந்தக் கோர்படியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.