கோணல் தையல்

ஆரோக்கியராஜுக்குப் பொறாமை வந்தால் முதலில் சோறு இறங்காது. சிவபிரகாஷுக்கு அந்தத் தோலுறை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று, மனைவி அனிதா வைத்த கறிக்குழம்பு தட்டிலேயே ஆறிப்போயிற்று.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டிலிருந்து வரும் சட்டையைப் பார்த்து அச்சு அசலாக இன்னொன்று தைத்துத் தரும் வேலை. இது போக அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். அந்தக் காலப் போலீஸ்காரர்கள் இடுப்பில் கட்டிய, துப்பாக்கி செருகும் தோலுறைகள். பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, இருபது வருடத்தில் பதினோரு உறைகள் சேர்த்திருந்தார். சிவபிரகாஷ் அதே கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். இந்தப் பைத்தியம் அவரிடமிருந்து அவனுக்குத் தொற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

கொமரலிங்கத்தில் காலமான இன்ஸ்பெக்டர் ஒருவரின் வீட்டில், இடதுகைக்காரருக்கென்றே தைத்த உறை ஒன்று இருந்தது. குதிரைக்கொம்பு மாதிரி அது. ஆரோக்கியராஜும் இடதுகைக்காரர். மூன்று முறை பஸ் ஏறிப் போய்க் கேட்டார். இன்ஸ்பெக்டரின் மனைவி காபி கொடுத்தாரே தவிர உறையைக் கொடுக்கவில்லை. சிவபிரகாஷ் ஒரே முறை காரில் போய்க் கையோடு வாங்கி வந்துவிட்டான். நோகாமல் நொங்கு தின்கிற பயல்!

போதாக்குறைக்கு அதை அவரிடமே கொண்டுவந்தான்.

“அண்ணா, வார்ல தையல் உட்டுப்போச்சுங்க. உங்க கை பட்டாத்தான் சரியாகும். ஒரு வாரம் வெச்சிருந்து மெதுவாக் குடுங்க.”

“ஆகட்டுங் தம்பி,” என்றார். உறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் உறையை இடது இடுப்பில் கட்டிப் பார்த்தார். தனக்கென்றே அளவெடுத்தது போல உட்கார்ந்தது. இதைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். தன்னுடைய பழைய உறைகள் இரண்டைப் பிரித்து, அந்தத் தோலில் அச்சு அசலாக இன்னொன்று தைக்கத் தொடங்கினார்.

“ஏனுங்க, இருக்கறதையும் எதுக்குப் பிரிச்சுப் போடறீங்க?” என்றாள் அனிதா.

“வேலை இருக்குது, சும்மா இரு.”

ஏழாம் நாள் நகலைக் கொடுத்தார். சிவபிரகாஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் வந்ததும் அவன் விரல் நின்றது. ஆரோக்கியராஜுக்கு வியர்த்துவிட்டது. அசலில் அந்த இடத்தில் மூன்று தையல் கோணலாக இருக்கும். நகலில் நேராக இருந்தது. முப்பது வருடமாகப் பழுதில்லாமல் தைத்த கை, கோணலைத் தைக்கச் சொன்னாலும் தைக்காது போலிருக்கிறது.

“இதையும் நேராக்கிட்டீங்களா! கேக்காமயே செஞ்சிருக்கீங்களேண்ணா,” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான் சிவபிரகாஷ்.

மறுமாதம் அவனுடைய புதுவீட்டுப் புண்ணியார்ச்சனை. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த உறை. பல்லடத்திலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு ஏட்டு ஒருவர் அதன் முன்னால் அசையாமல் நின்றார்.

“இதுதானுங்க உருப்படி. இப்படித் தைக்கற கை இப்ப எங்கீங்க இருக்குது?”

என் கைதானய்யா அது! சொல்ல ஆரோக்கியராஜுக்கு நாக்குத் துடித்தது. சொன்னால் திருட்டும் வெளியே வந்துவிடும்.

“அண்ணனும் நெறையச் சேத்து வெச்சிருக்காருங்க,” என்று அவர் தோளில் கைபோட்டான் சிவபிரகாஷ். “ஆனா இந்த மாதிரி ஒண்ணு அவருகிட்ட இல்லீங்க.”

எல்லோரும் ‘அடப்பாவம்’ என்பது போல அவரைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தார். அனிதாவின் சேலைகளுக்கு அடியிலிருந்து அசலை எடுத்தார். அந்த மூன்று கோணல் தையல்தான் முதலில் கண்ணில் பட்டது. இதை யாரிடமும் காட்ட முடியாது. கண்ணாடிக்குள் ஊரே பார்க்க உட்கார்ந்திருக்கிறதே அந்த நகல், அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

அன்று ராத்திரியும் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அனிதா அருகே வந்து உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு யாருக்கு என்ன கெடச்சுதுங்க?”