மூன்றாவது கொட்டேஷன்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். திருகாணியோ கிரேனோ, எதை வாங்கினாலும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி, குறைந்த விலைக்காரனுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். இதற்குப் பொருளாதாரத்தில் எம்.ஏ. தேவையில்லை. என்னிடம் அது இருந்தது. விலை சொல்கிறவன் எல்லாம் திருடன் என்பதைத் தவிர அந்தப் பட்டமும் நாற்காலியும் எனக்கு வேறெதையும் கற்றுக்கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு வியர்க்கும்வரை பேசுவேன். அதைத் திறமை என்று நம்பினேன். என்னைப் போன்ற கிழவர்கள் ஆவடியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய் குறைத்ததைக் காலை நடையில் சாதனையாகச் சொல்லிக்கொண்டு போவோம்.

என் மகனின் மனைவி மண்ணூர்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, ஒன்பது மிஷின் போட்டு, தொழிலாளர் சீருடை தைத்துக் கொடுக்கிறாள். போன வருடம் ஒரு பெரிய கம்பெனி, சீருடை தைப்பவர்களைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்போவதாகச் சொன்னது. அதில் இடம் கிடைத்தால் இரண்டு வருடத்துக்கு வேலை நிச்சயம். பக்கத்து ஷெட்டையும் எடுத்துவிடலாம் என்று அவள் அதன் சொந்தக்காரரிடம் பேசியே வைத்திருந்தாள். விண்ணப்பத்தில் இணையதள முகவரி கேட்டிருந்தார்கள். அவளுக்கு இணையதளம் கிடையாது. நாற்பதாயிரம் ஒதுக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்க பாத்த வேலைதானே இது. யார்கிட்ட குடுக்கலாம், எவ்ளோ குடுக்கலாம்னு நீங்களே பாத்து சொல்லுங்க."

முதலில் வந்தது பருத்திப்பட்டிலிருந்து ஒரு பெண். முப்பது வயது இருக்காது. வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறவள். எங்களிடம் வருவதற்கு முன்பே தையல் கூடத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கக் கொட்டேஷன், மொத்தம் முப்பத்தெட்டாயிரம். பக்கங்களை வடிவமைக்க இவ்வளவு, கூடத்தில் ஒரு நாள் புகைப்படம் எடுக்க இவ்வளவு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத இவ்வளவு, இணைய முகவரிக்கும் தளத்தை வைத்திருக்கும் இடத்துக்கும் வருடக் கட்டணம், பிறகு ஒரு வருடப் பராமரிப்பு. நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

"போட்டோவுக்கு எதுக்கு எட்டாயிரம்? நெட்ல கெடைக்காதா?"

"கெடைக்கும் அங்கிள். ஆனா அது வேற யாரோ தச்சது. அவங்க பாக்கப்போறது இவங்க தையல."

"வருஷா வருஷம் பணம் கட்டணுமா? போர்டு எழுதினவன் வருஷா வருஷம் வந்து நிக்கறானா?"

"இது போர்டு இல்ல அங்கிள், வாடகைக் கடை மாதிரி. வாடகை கட்டலைன்னா ஷட்டரை இறக்கிடுவாங்க."

"சரி, கடைசியா எவ்ளோ?"

"எந்த வேலை வேணாம்னு சொல்லுங்க, அதை எடுத்துட்டு கொறைச்சுக்கறேன். வேலை எல்லாம் வேணும், விலை மட்டும் கொறையணும்னா என்னால ஆகாது."

சொல்லிவிட்டு டீயை நிதானமாகக் குடித்தாள். வியர்க்கவில்லை. நான் எழுந்த பிறகும் மீதி டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த நிமிடமே அவளுக்கு இந்த வேலை கிடையாது என்று முடிவு செய்துவிட்டேன். அவள் கொட்டேஷனில் ஒரு வரிகூடத் தவறில்லை என்று எனக்குத் தெரியும். படிக்கத் தெரிந்தவன்தான் நான்.

இரண்டாவது ஆளை நானே தேடிப் பிடித்தேன். அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தான். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், விசிட்டிங் கார்டு, இணையதளம், எல்லாம் செய்வான். ஒன்பதாயிரம் என்றான்.

"இன்னா சார், சைட்டு தானே? நாலு நாள்ல ஏத்திர்லாம். லைஃப்டைம் ஃப்ரீ சார். உன் மூஞ்சிக்கோசரம் சொல்றேன், வேற ஆளா இருந்தா பதினஞ்சு."

ஐந்து நிமிடத்தில் இருபது 'சார்' போட்டிருப்பான். தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே பேசினான். போலி என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவனைப் போல நூறு பேரைப் பார்த்தவன் நான். ஆனாலும் அவன் நின்றுகொண்டு பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. மருமகளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. ஒரு பக்கம் முப்பத்தெட்டு, மறுபக்கம் ஒன்பது என்று காட்டினால், ஒன்பது ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பாள். கேட்க வேண்டிய கேள்வி. முப்பத்தெட்டு ஏன் இவ்வளவு அதிகம் என்று அவள் கேட்க வேண்டுமானால், இன்னொரு குறைந்த விலை வேண்டும். அவனிடம் சொன்னேன்.

"அவ்ளோதானா? நம்மகிட்ட வேற பேர்ல லெட்டர்பேடு கீது சார். எவ்ளோ போடட்டும்?"

"பன்னெண்டாயிரம்" என்றேன்.

வேலையில் இருந்தபோது இதே தில்லுமுல்லுக்காக ஒரு சப்ளையரை நிரந்தரமாக நீக்கியிருக்கிறேன். அவர் என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதார். நான் நேர்மையைப் பற்றிப் பேசினேன்.

மூன்றையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதி மருமகளிடம் கொடுத்தேன்.

"அந்தப் பொண்ணு நல்லா பாத்துச்சே மாமா" என்றாள்.

"மார்க்கெட் ரேட் பன்னெண்டுக்குள்ளதான் இருக்கும்மா. அவ மூணு மடங்கு கேக்கறா."

தாளை மடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னா சரி" என்றாள்.

நாலு நாளில் இணையதளம் வந்தது. மஞ்சள் ஹெல்மெட்டும் நீலக் கோட்டும் போட்ட வெள்ளைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். 'எங்களைப் பற்றி' பகுதியில் ஏதோ பார்சல் கம்பெனியின் வாசகம்: உங்கள் பொருளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்போமாம். நான் முழுதும் படித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அந்தப் பெண் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

பத்து நாள் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் அப்போது தையல் கூடத்தில்தான் இருந்தேன். கையில் துணி இருந்ததால் மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், சைட்ல இருக்கற கோட்டெல்லாம் உங்க யூனிட்ல தச்சதா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "இல்ல சார். நீங்க யூனிட்டுக்கு வந்தா எங்க வேலையைக் காட்டறேன்."

"நெறைய பேர் அப்ளை பண்ணியிருக்காங்க மேடம். எல்லார் யூனிட்டுக்கும் வர முடியாது. அதுக்குத்தான் சைட்டே கேட்டோம்." வைத்துவிட்டார்.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மூத்த தையல்காரம்மா மருமகளைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னா பாப்பா, அந்த வெள்ளக்காரனுக்கு நாம எப்போ அளவெடுத்தோம்?" எல்லோரும் சிரித்தார்கள். மருமகளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பக்கத்து ஷெட் வேண்டாம் என்று அதன் சொந்தக்காரருக்கு போன் செய்தாள்.

நான் அண்ணனூருக்குப் போய் அவனிடம் சத்தம் போட்டேன். அவன் அசரவில்லை. "ஒம்போதாயிரத்துக்கு உன் டைலரையெல்லாம் நிக்க வச்சு போட்டோ புடிப்பாங்களா சார்? இன்னா வேணும்னு கேட்டுத்தானே செஞ்சேன்?" அன்றைக்கு என்னிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மருமகள் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டுக் கெட்டேன் என்று தன் அம்மாவிடம் போனில் சொன்னதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். கேட்டுக்கொண்டு செய்தித்தாளைத் திருப்பினேன். இப்படி ஒரு மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச்சில் எல்லோரோடும் முழங்கால் போட்டுப் பாவ அறிக்கை சொல்லவும் செய்தேன். அதில் கொட்டேஷனைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது வசதியாக இருந்தது.

ஐந்தாவது ஞாயிறு மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"அந்தப் பன்னெண்டாயிரம் பொய்ம்மா. நான் சொல்லித்தான் அவன் எழுதினான்."

மருமகள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு என்ன மாமா கோவம்?"

"என் முன்னாடி அவ பணிஞ்சு பேசல."

"இவ்ளோதானா?"

இவ்வளவுதான். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் பருத்திப்பட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். பஸ்ஸில் வாக்கியங்களை யோசித்துக்கொண்டே போனேன். அவள் வாசலில் நின்று கேட்டாள். ஆச்சரியப்படவில்லை. "விடுங்க அங்கிள், மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படித்தான் பண்றாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்து சொல்றீங்க" என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

இப்போது அவள்தான் மருமகளின் இணையதளத்தைச் செய்கிறாள். புகைப்படம் எடுக்க வந்தபோது மூத்த தையல்காரம்மா பட்டுப்புடவையில் வந்தாளாம். மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கம்பெனி மறுபடி ஆள் எடுக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை ஒன்பது மிஷின்தான். போன வாரம் மருமகளிடம், மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுப் பார்த்தேன்.

"அத நாங்க பேசிக்கிட்டோம் மாமா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்றும் கேட்டாள்.