பிள்ளைக்கு இருந்தால் பாவம், டீச்சருக்கு இருந்தால்?

இன்று எங்கள் ஆனையூர் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஏடிஹெச்டி என்கிற கவனச்சிதறல் உள்ள பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று ஒருவர் வந்து பேசினார்.

"பாவம், பிள்ளைக என்னா செய்யும்" என்று எல்லோரும் உருகினார்கள்.

டீ குடிக்கும்போது நான் சொன்னேன்: "எனக்கும் அதுதான். மாத்திரை சாப்பிடுறேன்."

கணக்கு டீச்சர் கடித்த வடையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்க, அப்ப பத்தாங்கிளாஸ உங்களுக்கு எப்படிக் குடுத்தாக?"

"போன வருசமும் நான்தான எடுத்தேன்? நடந்துக்கிட்டே நடத்துறீக, ஒரு பிள்ள தூங்க மாட்டேங்குதுன்னு நீங்கதான சொன்னீக?"

அதற்குள் தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இம்புட்டு நாளா சமாளிச்சீகள்ல, அப்படியே இருங்க. பேரண்ட்ஸ் காதுக்குப் போயிறக் கூடாது."

மைக்கில் சொன்னால் விழிப்புணர்வு, பக்கத்து நாற்காலிக்காரி சொன்னால் அசிங்கமா? மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியும் எனக்கு ஆறவில்லை.

அதனால் இந்தப் பதிவை எல்லோரும் பார்க்கும்படியே போடுகிறேன். ஆனையூர் பேரண்ட்ஸ் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் பிள்ளைக்கு நாளைக்கும் நான்தான் பாடம் நடத்துவேன். சந்தேகம் இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.