பெயர் வைக்காத சீட்டு

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். இதைச் சொல்வதால் எங்கள் குடும்பத்துக்குப் பெருமை ஒன்றும் சேரப்போவதில்லை. நடந்தது 1911, ஆனி மாதம். திருநெல்வேலி, குறுக்குத்துறை ஆற்றோரத்து வீடு. அத்தனையும் பட்டப்பகலில்.

ஆவுடைநாயகம் பிள்ளையின் மகன் அம்மையப்பன் தூத்துக்குடி ஏலக்கடையிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தான். உள்ளே, சீமையில் குறி பார்க்கிற படச்சீட்டுகள். எண்ணினால் இருபத்திரண்டு. தங்கை ஆவுடைத்தாய் அவற்றைக் கீழே வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை முக்கூடலிலிருந்து அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். அமையுமா என்று சீட்டைக் கேட்க வேண்டும். சீட்டில் இருந்த எழுத்து புரியவில்லை. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் வீட்டு ஆள் ஒருவரின் பெயரை வைத்துப் பழகினாள்.

“கோலோட முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, இது நீங்கதாம்ப்பா. முன்னால குழி கெடக்கது தெரியாம நடக்கானே, இது அண்ணன்.”

பிள்ளைக்கே சிரிப்பு வந்தது.

“இவுக மட்டும் யாருன்னு தெரியல.”

ஒரு பெண். ஆற்றுப் படித்துறையில் நிற்கிறாள். முதுகுதான் தெரிந்தது. வலது காது மடல் கிழிந்திருந்தது.

“தெரியாது. தூரப் போடு.”

தெரியும். சிறு வயதில் தோட்டை இழுத்து அந்தக் காதைக் கிழித்தவர் அவர்தான். செல்லக்கிளி. அவருடைய தங்கை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் தேவசிகாமணி என்ற வேதக்காரனோடு, அதாவது கிறிஸ்தவனோடு, கொழும்புக்குப் போனவள். வாந்திபேதியில் செத்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். பாடையில் போனது வைக்கோல். அது வெளியே தெரிந்தால் ஆவுடைத்தாய் கழுத்தில் தாலி ஏறாது.

புதன்கிழமை. உச்சிவேளை. மணி பன்னிரண்டு பத்து. ஆவுடைத்தாய் சீட்டுகளைக் கலைத்து மூன்றை எடுத்தாள். நடுவில் அந்தப் பெண்.

“அப்பா... நேத்து முதுகுதான தெரிஞ்சுது?”

இப்போது பாதி முகம்.

வியாழன். அதே பன்னிரண்டு பத்து. முக்கால் முகம். வாய் ஏதோ சொல்லத் திறந்திருந்தது...

“பேரு வச்சிட்டா போயிருவாகளோ என்னமோ. சொல்லுங்கப்பா, யாரு இவுக?”

பிள்ளை பெட்டியைப் பிடுங்கி உள்ளறையில் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளி. மாப்பிள்ளையின் அப்பா ஐயம்பெருமாள் பிள்ளை வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

“ஒமக்கு ஒரு தங்கச்சி உண்டும்லா வே?”

சரக்...

பூட்டிய அறைக்குள் சீட்டு கலையும் சத்தம்.

மணி பன்னிரண்டு எட்டு.

“என்ன வே, வாயில கொழுக்கட்டையா?”

சரக்... சரக்... சரக்...

கதவிடுக்கில் ஒரு சீட்டு பைய நழுவி வந்தது.

முழு முகம்.

அவரையே பார்த்தது.

பன்னிரண்டு பத்து.

“செத்துட்டா,” என்றார் பிள்ளை. “வாந்திபேதி.”

சத்தம் நின்றது.

சம்பந்தம் உறுதியானது. வந்தவர்கள் வண்டியேறியதும் திரும்பிப் பார்த்தார். கதவடியில் எதுவும் இல்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. பெட்டியைத் திறந்து எண்ணினார். இருபத்தொன்று. மறுபடி எண்ணினார். இருபத்தொன்று.

மறுநாளே தூத்துக்குடிக்குப் போனார். ஏலக்கடை பீர் முகம்மது கையை விரித்தார்.

“நான் குடுத்ததே இருபத்தொண்ணுதான் பிள்ளைவாள். ஒண்ணு கொறஞ்சதாலதான் மலிவா விட்டேன். ஒங்க வீட்டுல யாரு எண்ணுனது? அதுலயும் படித்துறையில நிக்க பொம்பளையா? சீமைக்காரன் சீட்டுல நம்ம படித்துறை எப்படி வரும்?”

பத்தாம் நாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் கடிதம். தேவசிகாமணி எழுதியிருந்தார்.

‘செல்லக்கிளி ஒரு வாரமாகவே உங்கள் நினைவாக இருந்தாள். போன வெள்ளிக்கிழமை சமைத்துக்கொண்டிருந்தாள். சரியாகப் பகல் பன்னிரண்டு பத்துக்கு வாந்தி கண்டது. பொழுது அடைவதற்குள் போய்விட்டாள். வாந்திபேதி என்றார் டாக்டர். எங்கள் பகுதியில் வேறு ஒருவருக்கும் அந்த நோய் இல்லை.’